சாப்பாட்டு மேசையைக் கவிழ்த்துப் பார்த்து வாங்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

மழைக்காலம் முடிவதற்குள்ளாகவே தீபாவளிக்கு என்ன வாங்குவது என்ற பேச்சு நம் வீடுகளில் தொடங்கிவிடுகிறது. சில ஆண்டுகளாக இந்தப் பர்மா நாட்டின் யாங்கூன் நகரத் தமிழ்க் குடும்பங்களின் பட்டியலில் துணிமணி, பாத்திரங்களோடு சாப்பாட்டு மேசையும் சேர்ந்துகொண்டுள்ளது. வீட்டுப் பெரியவர்களுக்கு முழங்கால் ஒத்துழைப்பதில்லை. தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தால் எழுந்திருக்க இன்னொருவர் கை கொடுக்க வேண்டியிருக்கிறது. கடையில் ஆயத்தமாக நிற்கும் மேசைகள் நம்முடைய ஒடுக்கமான அடுக்ககங்களுக்குப் பெரும்பாலும் பொருந்தாததால், பலர் பட்டறையில் அளவு சொல்லிச் செய்துகொள்கிறார்கள். ஆயுள் முழுவதும் புழங்கப்போகும் பொருளை இப்படிச் சொல்லிச் செய்துகொள்வது நல்ல முடிவுதான். ஆயினும் மேற்பலகையின் பளபளப்பையும் கால்களின் கடைசல் வேலையையும் பார்த்த மாத்திரத்தில் பணத்தை எண்ணிக் கொடுத்துவிடும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. மரக்கடையிலும் மரப்பட்டறையிலும் கணக்கெழுதி வாழ்நாளைக் கழித்தவன் என்ற முறையில் வாசகர்களை ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: மேசையின் தரத்தை அதன் அடிப்புறம்தான் சொல்லும், ஆகவே கவிழ்த்துப் பார்க்காமல் எந்த மேசைக்கும் மீதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

யாங்கூனின் தாம்வே பகுதியில் வசிக்கும் என் உறவினர் ஒருவர் சென்ற தீபாவளிக்குச் சில நாள்கள் முன்னதாக ஆறு பேர் உட்காரும் தேக்கு மேசை ஒன்றைச் செய்வித்தார். மாசி மாதம் அவர் வீட்டுக்குப் போயிருந்தபோது, மேற்பலகையின் நடுவில், ஒரு முனையிலிருந்து இரண்டு சாண் நீளத்துக்கு, அஞ்சலட்டை நுழையும் அகலத்தில் வெடிப்பு ஓடியிருந்தது. ஜமுக்காளம் ஒன்றை விரித்து, நானும் அவருடைய மகனுமாக மேசையைக் கவிழ்த்தோம். கால்களை இணைக்கும் சட்டத்தோடு மேற்பலகையை இரும்பு மூலைத்தகடுகளால், இம்மியும் அசைய முடியாதபடி, திருகாணி போட்டு இறுக்கியிருந்தார்கள். மேலே பொன்னிறமாகத் தெரிந்த பலகைகளில் இரண்டு, அடியில் பாதிக்கு மேல் வெளிறிக் கிடந்தன. ஓரிடத்தில் மரத்தூளையும் பசையையும் குழைத்து அப்பியிருந்த பூச்சு, நகத்தால் கீறியதும் உதிர்ந்தது. அடிப்பக்கத்தில் பாலிஷ் ஒரு சொட்டுக்கூடப் படவில்லை. செய்து கொடுத்த பட்டறையில் கேட்டதற்கு, மரம் என்றால் வெடிக்கத்தான் செய்யும் என்று பதில் வந்ததாம். அந்தப் பதிலை நான் ஏற்க மாட்டேன். மரம் அசைவது அதன் இயல்பு. அது வெடித்தால் அதற்குச் செய்தவர் பொறுப்பு.

அறுத்துப் போட்ட பிறகும் பலகை, காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சுவதையும் வெளிவிடுவதையும் நிறுத்துவதில்லை. ஈரம் ஏறினால் அகலவாக்கில் விரியும். இறங்கினால் அகலவாக்கில் சுருங்கும். நீளவாக்கில் உண்டாகும் மாற்றம் கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியது. மே மாதம் முதல் அக்டோபர் வரை பெய்யும் யாங்கூன் மழையில், கொட்டகைக்குள் கிடக்கும் மரத்தின் ஈரம் 18 விழுக்காடு அளவுக்கும் போகும். மாசி, பங்குனியில், அதிலும் குளிர்சாதனம் ஓடும் அறையில், அது 12 விழுக்காட்டுக்கு இறங்கும். தேக்கு மற்ற பல மரங்களைவிடக் குறைவாகவே அசையும் மரம். அப்படியிருந்தும் இந்த ஆறு விழுக்காட்டு வேறுபாட்டுக்கு, 40 அங்குல அகலமுள்ள தேக்கு மேற்பலகை, அறுத்த விதத்தைப் பொறுத்து ஏறத்தாழ கால் அங்குலம் முதல் அரை அங்குலம் வரை சுருங்கும். சுருங்க வழியில்லாமல் இரு பக்கமும் இரும்பால் பிடித்து வைத்தால் பலகை பிளந்துகொள்வதைத் தவிர வேறு எதைச் செய்யும்?

எனவே தொழில் தெரிந்த ஆசாரி மேற்பலகையைச் சட்டத்தோடு இறுக்குவதில்லை. சட்டத்தின் உள்முகத்தில் காடி என்னும் நீளப் பள்ளம் வெட்டி, அந்தக் காடிக்குள் நகரக்கூடிய சிறு மரக்கட்டைகளைச் செருகி, அக்கட்டைகளை மட்டும் மேற்பலகையில் திருகுவார். அல்லது திருகாணி போகும் துளையை வட்டமாக வைக்காமல் நீளமாக வைத்து, பலகை விரியும்போதும் சுருங்கும்போதும் திருகாணி வழிவிடும்படி செய்வார். மேற்பலகையின் இரு முனைகளிலும் அழகுக்காகக் குறுக்குச் சட்டம் வைக்கச் சொல்கிறவர்கள் உண்டு. அச்சட்டத்துக்கு நடுவில் மட்டும் பசையிட்டு, மற்ற இடங்களைப் பசையில்லாமல் ஓடவிட வேண்டும். முழு நீளத்துக்கும் பசை போட்டுவிட்டால் இரும்புத் தகடு செய்த அதே கேட்டை அதுவும் செய்யும். அறுத்த விதம் என்று சொன்னேனே, அதைப் பலகையின் முனையில் பார்க்கலாம்: வளையக் கோடுகள் நிமிர்ந்து நின்றால் அப்பலகை குறைவாக அசையும், வில்லாக வளைந்து படுத்திருந்தால் ஏறக்குறைய இரு மடங்கு அசையும். படுத்த கோடுள்ள பலகையில்தான் மேற்புறத்தில் மலைமலையாக அழகிய ரேகை விழும் என்பதால் அதை வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். அந்த அழகை விரும்புகிறவர் அசைவுக்கு இடம் விட்டிருக்கிறார்களா என்று இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும்.

தீபாவளி மேசைகளில் இந்தத் தொல்லை மிகுதியாக வருவதற்குக் காரணம் வெளிப்படை. மழையின் உச்சத்தில் அறுத்து, மழையிலேயே இழைத்து ஒட்டி, மழை நின்ற கையோடு மேசை வீட்டுக்கு வருகிறது; அடுத்து வருவது மாதக்கணக்கான வறட்சி. மாந்தளைக்கோ மெய்க்டிலாவுக்கோ அனுப்பப்படும் மேசைக்கு அந்த வறட்சி இன்னும் கடுமையானது. ஆகவே மேசை செய்ய நினைப்பவர்கள் முடிந்தால் மாசி, பங்குனியில் பட்டறைக்குப் போவது நல்லது. அப்போது மரம் தன்னளவிலேயே காய்ந்திருக்கும். மழைக்காலத்தில்தான் செய்தாக வேண்டும் என்றால், உலர்த்தும் அறையில் பதப்படுத்திய மரத்தைக் கேட்டு, ஈரமானியை அழுத்தி 12 விழுக்காட்டை ஒட்டி இருக்கிறதா என்று காட்டச் சொல்லுங்கள். ஈரமானி இல்லாத சிறு பட்டறைகளுக்கும் ஒரு வழி உண்டு. உங்கள் மேசைக்கான பலகையில் ஒரு துண்டை வெட்டி வாங்கி, மளிகைக் கடைத் தராசில் நிறுத்து எடையைக் குறித்துக்கொண்டு, வீட்டில் நிழலில் இரண்டு வாரம் வைத்திருந்து மறுபடி நிறுத்துப் பாருங்கள். எடை குறைந்திருந்தால் மரம் இன்னும் காய்ந்துகொண்டிருக்கிறது என்று பொருள். அப்படியானால் வேலையைத் தொடங்க விடாதீர்கள்.

இங்கே கடைக்காரர்கள் தவறாமல் சொல்லும் சமாதானம் ஒன்று உண்டு. பர்மாத் தேக்கு நின்றபடியே காய்ந்த மரம், அதற்கு மேல் என்ன காயவைப்பது என்பார்கள். இதில் பாதி உண்மை. 1856இல் பெகு வட்டாரக் காடுகளின் பொறுப்பை ஏற்ற டீட்ரிச் பிராண்டிஸ், தேர்ந்து வெட்டும் முறையை வகுத்த காலந்தொட்டு, தேக்கின் அடியில் பட்டையையும், அதை ஒட்டி உள்ளே இருக்கும் வெளிறிய வெள்ளைப் பகுதியையும் வளையமாக வெட்டி, ஏறத்தாழ மூன்றாண்டு நின்றபடி காயவிட்ட பிறகு வீழ்த்துவது இந்நாட்டுக் காடுகளில் நிலைபெற்றிருந்த வழக்கம். பச்சைத் தேக்கு ஆற்றில் மிதக்காது, காய்ந்த தேக்கு மிதக்கும் என்பதே அதற்குக் காரணம். ஆற்றில் மிதக்கும் அளவுக்குக் காய்ந்த மரமும், உங்கள் வீட்டுக் கூடத்தில் வெடிக்காமல் நிற்கும் அளவுக்குக் காய்ந்த மரமும் ஒன்றாகிவிடாது. அறுத்த பலகைகளை இடைக்கட்டை வைத்து அடுக்கி, காற்றோடவிட்டு, ஓர் அங்குலக் கனத்துக்கு ஓர் ஆண்டு என்று காக்க வைப்பதுதான் தச்சர்களின் பழைய கணக்கு. அவசரத்தில் இந்தக் காத்திருப்பைத்தான் இன்று முதலில் கைவிடுகிறார்கள்.

எந்த மரம் என்ற கேள்விக்கு நம்மவர்கள் யோசிக்காமலேயே தேக்கு என்று விடை சொல்வார்கள். நானும் அதையே சொல்வேன், ஆனால் வைரப்பகுதி, அதாவது மரத்தின் உட்புறத்துக் கெட்டியான பகுதி, என்று சேர்த்துச் சொல்வேன். தேக்கின் பேர் பெற்ற உறுதி அதன் வைரத்தில் இருக்கிறது. வெளிப்புறத்து வெள்ளைக்குப் பூச்சியைத் தடுக்கும் ஆற்றல் இல்லை. தோட்டங்களில் நட்டு, வயதாகுமுன் வெட்டிய தேக்கில் வெள்ளையின் பங்கு மிகுதியாக இருக்கும். சாயம் கலந்த பாலிஷைப் பூசிவிட்டால் மேலே பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றாகவே தெரியும். அதனால்தான் பாலிஷ் பூசுவதற்கு முன் ஒரு முறை பட்டறைக்குப் போய், மேசையை இழைத்த நிலையில், இரு புறமும் பார்க்க வேண்டும் என்று வற்புறுத்துகிறேன். கொஞ்சம் வெள்ளை சட்டத்தின் உட்புறத்தில் இருந்தால் குடி முழுகிவிடாது. மேற்பலகையிலும் கால்களிலும் இருக்கக் கூடாது.

தேக்குக்கு அடுத்து நம் நாட்டில் கிடைக்கும் படௌக், தமிழ்நாட்டு வேங்கையின் இனம். பர்மியப் புத்தாண்டான திஞ்சான் சமயத்தில் மஞ்சளாகப் பூத்துச் சொரியுமே, அந்த மரம்தான். செக்கச்செவேலென்று இருக்கும் அதன் நிறம் வெளிச்சம் பட்டுப் பட்டுப் பழுப்பாக மாறும் என்பதைத் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும். இருள் மரத்தின் இனமான பியின்கடோ, பாலத்துக்கும் ரயில் தண்டவாளக் கட்டைக்கும் ஏற்றது. சாப்பாட்டு மேசைக்கு அத்தனை கனம் தேவையில்லை. ஆறு அடி நீளம், மூன்று அடி அகலம், ஒன்றேகால் அங்குலக் கனமுள்ள மேற்பலகை தேக்கில் சுமார் 35 கிலோ வரும் என்றால், படௌக்கில் 45 கிலோவும் பியின்கடோவில் 50 கிலோவும் வரும். வாடகை வீட்டில் இருப்பவர்கள் இந்தக் கணக்கையும் மனத்தில் கொள்ள வேண்டும். செலவைக் குறைக்க நினைப்பவர்கள் ரப்பர் மரத்தை இளக்காரமாக நினைக்க வேண்டியதில்லை. பால் வற்றிய பின் வெட்டப்படும் அந்த மரம், அறுத்தவுடன் மருந்தேற்றி உலர்த்தியிருந்தால், மேசைக்கு நன்றாகவே உழைக்கும். மருந்தேற்றாவிட்டால் பூச்சி அரித்துப் பொடியாகக் கொட்டும்.

என் மனத்துக்கு மிகவும் உகந்தது பழைய வீட்டுத் தேக்கு. யாங்கூனிலும் மோல்மீனிலும் பழைய மர வீடுகளை இடிக்கும்போது வெளிவரும் உத்தரங்களும் தரைப்பலகைகளும் பல பத்தாண்டுகள் இந்த நாட்டு மழையையும் வெயிலையும் கண்டு அடங்கியவை. இத்தனை காலம் காய்ந்து பதப்பட்ட அப்படிப்பட்ட மரத்தை எந்த உலர்த்தும் அறையும் தர முடியாது. ஆணித் துளைகளும், ஆணி துருவேறிய கருத்த வட்டங்களும் அதில் இருக்கும். அவற்றைக் குறையாக நினைத்து மறைக்கச் சொல்லாதீர்கள். உள்ளே முறிந்து நிற்கும் ஆணியெல்லாம் எடுத்தாகிவிட்டதா, கறையான் தொட்ட இடம் உண்டா, ஒரே கனத்தில் போதிய பலகைகள் தேறுமா என்பவற்றை மட்டும் கேட்டால் போதும். உத்தரத்தை அறுத்துச் செய்யும் கால்களுக்கு ஈடு கிடையாது.

புது மரமானாலும் பழைய மரமானாலும் ரசீது கேட்டு வாங்குங்கள். 1992ஆம் ஆண்டு வனச் சட்டம், நாட்டில் எங்கு நிற்கும் தேக்கு மரமும் அரசுக்குச் சொந்தம் என்றது; 2018இல் வந்த புதிய சட்டம் தனியார் தாமே நட்டு வளர்த்த தோட்டங்களுக்கு இடம் கொடுத்தது. 2014 ஏப்ரல் முதல் உருட்டு மரமாக ஏற்றுமதி செய்வதற்குத் தடையும் உண்டு. காடு குறைந்துவரும் நாட்டில், எங்கிருந்து வந்தது என்று தெரியாத மரத்தை மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்கி வீட்டு நடுவில் போட்டுச் சாப்பிடுவது முறையாகாது.

இனி அளவு. ஒருவருக்கு மேசையோரத்தில் 24 அங்குலம் என்பது எங்கும் சொல்லப்படும் கணக்கு. நம் வீட்டுக்கு அந்தக் கணக்கை வாழையிலையை வைத்துச் சரிபார்ப்பது நல்லது. நுனி இடப்பக்கம் வர விரிக்கும் தலைவாழை இலை ஒன்று இரண்டு அடி வரும். அப்படியானால் 24 அங்குலத்தில் இலை மட்டும் அடங்கும், முழங்கைக்கு இடமிருக்காது. அமாவாசை, திதி, விருந்து என்று இலைபோடும் வழக்கமுள்ள வீட்டார் ஆளுக்கு 27 அங்குலம் வைத்துக்கொள்ள வேண்டும். அகலத்திலும் அதே கதைதான். எதிரெதிராக 14 அங்குல அகலத்தில் இரண்டு இலை விரித்தால் 28 அங்குலம் போய்விடும்; 36 அங்குல மேசையில் நடுவே எஞ்சுவது எட்டு அங்குலம். சோற்றுப் பாத்திரமும் சாம்பார்ப் பாத்திரமும் வைக்க அது போதாது. 40 அங்குலம் இருந்தால் தட்டுப்பாடில்லை.

ஆனால் நம் அடுக்ககங்களில் பல, 12½ அடி அகலமும் 50 அடி நீளமும் கொண்டவை. சுவர்க் கனம் போனால் உள்ளே ஏறத்தாழ 12 அடிதான். நாற்காலியை இழுத்து உட்கார்ந்து எழ மேசையின் இரு பக்கமும் மூன்று மூன்று அடி, மேசைக்கு மூன்றேகால் அடி என்று போட்டால், வாசலிலிருந்து பின்கட்டுச் சமையலறைக்குப் போகும் வழிக்கு மூன்று அடிக்குக் குறைவாகவே மிஞ்சும். வீட்டுப் பெண்கள் கொதிக்கும் பாத்திரத்தோடு நாள்தோறும் நடக்கும் வழி அது என்பதை மறந்துவிடக் கூடாது. ஆகவே பட்டறைக்குப் போகுமுன், செய்தித்தாள்களை ஒட்டி மேசையின் அளவுக்கு வெட்டித் தரையில் விரித்து, நாற்காலிகளையும் சுற்றிப் போட்டு, இரண்டு மூன்று நாள் அப்படியே புழங்கிப் பாருங்கள். இடம் போதவில்லை என்று தெரிந்தால் அகலத்தைக் குறைப்பதைவிட, மற்ற நாள்களில் சுவரோரம் ஒட்டிப் போட்டு விருந்தினர் வரும்போது நடுவுக்கு இழுக்கும்படி வைத்துக்கொள்வதே மேல். அதற்கும் கனம் குறைந்த தேக்குதான் ஒத்துவரும்.

உயரம் 30 அங்குலம் என்பது முள்கரண்டியால் சாப்பிடுகிறவர்களுக்கு வகுத்த வழக்கம். கையால் பிசைந்து உண்ணும் நமக்கு, அதிலும் உயரம் குறைந்த பெரியவர்களுக்கு, 29 அங்குலம் இதமாக இருக்கும் என்பது என் கருத்து. அதற்கேற்ப நாற்காலி இருக்கையை 17½ அங்குலத்தில் வையுங்கள். இடையில் இருப்பது பதினொன்றரை அங்குலம். அதில் பலகைக் கனம் ஒன்றேகால், சட்டம் மூன்று என்று போனால் தொடை நுழைய ஏழேகால் அங்குலம் கிடைக்கும். சட்டத்தை ஐந்து அங்குலமாக வைத்துப் பூவேலை செய்து கொடுக்கும் பட்டறைகள் இருக்கின்றன. பார்க்கக் கம்பீரமாகத்தான் இருக்கும், ஆனால் உட்காருகிறவர் தொடை ஒவ்வொரு வேளையும் அதில் இடிக்கும்.

கால்களும் சட்டங்களும் சேரும் இடத்தில் ஆணி மட்டும் அடித்திருந்தால் அந்த மேசையை எடுக்காதீர்கள். சட்டத்தின் நுனியைக் கழுந்தாக, அதாவது துளைக்குள் நுழையும் முளையாக, செதுக்கி, காலில் குடைந்த துளைக்குள் இறக்கிப் பசையிட்டிருக்க வேண்டும். தேக்கில் இயற்கையாகவே எண்ணெய்ப் பசை இருப்பதால், ஒட்டுமுன் ஸ்பிரிட்டால் துடைத்து உடனே ஒட்டுவது கைதேர்ந்தவர்களின் பழக்கம். உங்கள் ஆசாரி அப்படிச் செய்கிறாரா என்று கேட்பதில் தவறில்லை. இதில் யாங்கூன்காரர்களுக்கு வேறொரு சங்கடம் இருக்கிறது. மின்தூக்கி இல்லாத கட்டடத்தின் ஒடுங்கிய மாடிப்படியில் முழு மேசை திரும்பாது. கயிறு கட்டித் தெருவிலிருந்து மேல்மாடத்துக்கு இழுப்பதில் மேசைக்கும் ஆபத்து, கீழே நடப்பவர்களுக்கும் ஆபத்து. இதற்கு நல்ல தீர்வு உண்டு. இரு முனைகளிலும் உள்ள இரண்டிரண்டு கால்களைக் குறுக்குச் சட்டத்தோடு கழுந்து போட்டு நிரந்தரமாக ஒட்டிவிட்டு, நீளவாக்குச் சட்டங்கள் இரண்டையும் போல்ட்டால் பிணைத்தால், மேசை நான்கைந்து பாகங்களாகப் படியேறும்; வீடு மாறும்போது அப்படியே இறங்கவும் செய்யும். போல்ட்டின் தலை எங்கே இருக்கிறது, அதை முடுக்கும் சாவியைக் கையில் கொடுத்தார்களா என்பதை அடியில் பார்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வோர் ஆண்டும் மழை தொடங்கும்போதும் முடியும்போதும் ஒரு சுற்று முடுக்க வேண்டியிருக்கும்.

பூச்சு விஷயத்தில் சுருக்கமாகச் சொல்கிறேன். அரக்கைச் சாராயத்தில் கரைத்துப் பூசும் பிரெஞ்சு பாலிஷ் அலமாரிக்கு அழகு. சாப்பாட்டு மேசையில் சூடான பாத்திரம் வைத்த இடமெல்லாம் வெள்ளை வளையம் விழும். பாலியூரித்தேன் பூச்சு கறை, தண்ணீர் இரண்டையும் தாங்கும், ஆனால் ஓரிடத்தில் உரிந்துவிட்டால் முழுப் பலகையையும் சுரண்டித்தான் மறுபடி பூச வேண்டும். எண்ணெய்ப் பூச்சு விரைவில் கறைபடும், அந்த இடத்தை மட்டும் உப்புத்தாளால் தேய்த்து வீட்டிலேயே சரிசெய்துவிடலாம். சிறு குழந்தைகள் உள்ள வீட்டுக்குப் பாலியூரித்தேனையும், பொறுமையாகப் பராமரிக்கக்கூடிய வீட்டுக்கு எண்ணெய்ப் பூச்சையும் சொல்வேன். மஞ்சள் கறைக்கு யாரும் கலங்க வேண்டாம். வெயில் படும் இடத்தில் சில நாள் இருந்தால் அது தானாக வெளுக்கும். எந்தப் பூச்சானாலும் மேலே எத்தனை கை பூசினார்களோ அத்தனை கை அடிப்புறமும் பூசச் சொல்ல வேண்டும். மேலே அடைத்து, கீழே திறந்து விட்ட பலகை ஒரு பக்கமாகவே ஈரத்தை வாங்கி விட்டுக் குழிந்துபோகும். பூசி முடிந்ததும் சட்டத்தின் கீழ் விளிம்பில் கையை ஓட்டிப் பாருங்கள். சொரசொரப்பாக இருந்தால் புடவையும் லோஞ்சியும் அதில் மாட்டிக் கிழியும்.

விலை பேசும்போது மரக் கணக்கை நாமும் தெரிந்து வைத்திருந்தால் ஏமாற வேண்டியதில்லை. மேலே சொன்ன ஆறுக்கு மூன்று அடி மேசையில், மேற்பலகைக்கு 1.9 கனஅடி, மூன்று அங்குலச் சதுரக் கால்கள் நான்குக்கு 0.6, சட்டங்களுக்கு 0.4 என்று ஏறத்தாழ மூன்று கனஅடி மரம் இருக்கிறது. அறுப்பிலும் இழைப்பிலும் போகும் சேதத்தைச் சேர்த்தால் நான்கு, நாலேகால் கனஅடி. இங்கே அறுத்த மரத்தை 50 கனஅடி ஒரு டன் என்று விற்கிறார்கள். ஆக உங்கள் மேசைக்கு டன்னில் பன்னிரண்டில் ஒரு பங்கு மரம் போகிறது. அன்றைய டன் விலையை மரக்கடையில் விசாரித்து வகுத்துப் பார்த்தால் மரத்தின் விலை தெரிந்துவிடும், மீதி கூலியும் பூச்சும் லாபமும். நான் கூலியைக் குறைக்கச் சொல்லவில்லை. கழுந்து வெட்டி, நகரும் கட்டை பொருத்தி, அடிப்புறமும் பூசுகிற ஆசாரிக்கு இரண்டு மடங்கு நாள் பிடிக்கும். அதற்குரிய கூலியை முகம் சுளிக்காமல் கொடுக்க வேண்டும். மேசைக்கு மொத்தமாக ஒரு விலை என்று பேரம் பேசிக் குறைக்கும்போது, அந்தக் குறைப்பு கண்ணுக்குத் தெரியாத அடிப்புறத்தில்தான் போய் விழுகிறது.

பேசியதையெல்லாம் ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திட்டுக்கொள்ளுங்கள்: மரத்தின் பெயர், வைரமா என்பது, ஈர அளவு, நீள அகல உயரம், சட்டத்தின் ஆழம், மேற்பலகையைப் பிணைக்கும் முறை, இரு புறப் பூச்சு. முன்பணம், இழைத்த நிலையில் பார்த்த பின் ஒரு பகுதி, வீட்டில் பூட்டி நிறுத்திய பின் மீதி என்று பணத்தை மூன்றாகப் பிரித்துக் கொடுப்பதை நேர்மையான பட்டறை எதுவும் மறுப்பதில்லை. அடுத்த கோடை முடியும் வரை வெடிப்புக்குப் பொறுப்பேற்பதாக ஒரு வரி சேர்க்கச் சொன்னால், தன் மரத்தின் ஈரம் தெரிந்த ஆசாரி தயங்காமல் எழுதிக் கொடுப்பார்.

ஆசிரியர் அவர்களிடமும் ஒரு விண்ணப்பம் வைக்க விரும்புகிறேன். தீபாவளி நெருங்கும் வாரங்களில் தங்கள் பத்திரிகையில் மரச்சாமான் விளம்பரங்கள் பக்கம் பக்கமாக வருகின்றன. அவற்றில் உயர்தரத் தேக்கு என்ற இரண்டு சொற்களுக்கு மேல் மரத்தைப் பற்றி எதுவும் இருப்பதில்லை. முழு மரமா, பிளைவுட்டின் மேல் ஒட்டிய மெல்லிய தேக்குத் தோலா என்பதுகூட வாசகருக்குத் தெரிவதில்லை. விளம்பரம் தருகிறவர்கள் மரத்தின் பெயரையும், முழு மரமா ஒட்டுப்பலகையா என்பதையும், உலர்த்திய ஈர அளவையும் குறிப்பிட வேண்டும் என்று தாங்கள் ஒரு விதி வைத்தால், சொல்லத் தயங்குகிறவர் யார் என்பதை வாசகர்களே கண்டுகொள்வார்கள். அத்துடன், விளம்பரத்துக்குச் செலவிட வசதியில்லாமல் சிறு கொட்டகைகளில் இன்னும் கழுந்து வெட்டிக்கொண்டிருக்கும் நம் ஆசாரிகளின் பெயரையும் முகவரியையும், அவர்கள் விரும்பினால், கட்டணமின்றி ஒரு பத்தியில் வெளியிட முடியுமா என்பதையும் அன்புகூர்ந்து பரிசீலிக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
யாங்கூன்